விளக்கு ஏந்திய கையில் கணக்கு ஏடு

விருதுநகர் கடைவீதியில் கடை கட்டும் நேரத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. முதலாளி கல்லாப்பெட்டியை எண்ணுவார். கணக்குப்பிள்ளை சிட்டையில் எழுதியதைப் பேரேட்டில் ஏற்றுவார். முன் இருப்பு எவ்வளவு? வரவு எவ்வளவு? போனது எவ்வளவு? மிச்சம் எவ்வளவு? இந்த நான்கும் ஒத்துவந்த பிறகுதான் கடைக்குப் பூட்டு விழும். இன்று பல கடைகளில் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. ஆனாலும் அந்தக் கணக்கு மாறவில்லை.

மிளகாய் வற்றலுக்குக் கணக்கு உண்டு. பருப்புக்கும் எண்ணெய்க்கும் கணக்கு உண்டு. சிவகாசியில் தீப்பெட்டிக் கட்டுக்கும் பட்டாசுப் பெட்டிக்கும் கணக்கு உண்டு. ஆஸ்பத்திரிக்குள் போகும் மனிதர்களுக்கு மட்டும் கணக்கு வேண்டாமா? எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் குணமாகி வீடு திரும்பினார்கள், எத்தனை பேர் இறந்தார்கள், ஏன் இறந்தார்கள் என்று யாராவது எழுதி வைக்க வேண்டாமா?

நூற்று அறுபது ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் கேள்வியை உரக்கக் கேட்டவர் ஒரு பெண்மணி. அவர்தான் புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார். இரவில் கையில் விளக்குடன் நோயாளிகளைப் பார்த்து வந்தவர் என்று பள்ளிப் பிள்ளைகளும் அவரை அறிவார்கள். அவர் கணக்கில் புலி என்பதைத்தான் பலரும் அறியமாட்டார்கள்.

செல்வர் வீட்டுப் பெண்

நைட்டிங்கேல் குடும்பம் இங்கிலாந்தில் பெரிய செல்வக் குடும்பம். தாயும் தந்தையும் ஐரோப்பாவில் சுற்றுப்பயணம் செய்துகொண்டிருந்தபோது, 1820 மே 12-ந் தேதி, இத்தாலியில் உள்ள புளோரன்ஸ் நகரில் அந்தக் குழந்தை பிறந்தது. ஊரின் பெயரையே குழந்தைக்கும் வைத்துவிட்டார்கள்.

தந்தையே மகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். வரலாறு, தத்துவம், பல மொழிகள் எல்லாம் கற்றாள். ஆனால் அவள் மனம் நாடியது கணக்கைத்தான். மற்றப் பெண்கள் விருந்துக்கும் நடனத்துக்கும் போன காலத்தில், அவள் எண்களை வரிசை வரிசையாக அடுக்கி மகிழ்ந்தாள்.

பதினேழாவது வயதை எட்டும் சமயத்தில், மக்களுக்குத் தொண்டு செய்யக் கடவுள் தன்னை அழைப்பதாக அவள் உணர்ந்தாள். நோயாளிகளுக்குப் பணிவிடை செய்வதே அந்தத் தொண்டு என்று பின்னர் முடிவு செய்தாள். வீட்டில் பெரும் எதிர்ப்பு! அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் நர்ஸ் வேலைக்குக் கௌரவமே கிடையாது. குடும்பப் பெண்கள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். நல்ல இடத்திலிருந்து திருமணப் பேச்சு வந்தது. அதையும் மறுத்துவிட்டாள்.

பல ஆண்டுகள் போராடினாள். 1851-ல் ஜெர்மனியில் கைசர்ஸ்வெர்த் என்ற ஊரில் மூன்று மாதம் பயிற்சி பெற்றாள். 1853-ல் லண்டனில் ஒரு சிறிய ஆஸ்பத்திரிக்குத் தலைவி ஆனாள். அப்போது வயது முப்பத்து மூன்று.

போர்க்கள ஆஸ்பத்திரி

1854-ல் ரஷ்யாவை எதிர்த்து இங்கிலாந்து கிரிமியாப் போரில் இறங்கியது. காயம்பட்ட சிப்பாய்கள் கடல் தாண்டித் துருக்கியில் ஸ்குட்டாரி என்ற இடத்துக்குக் கொண்டு வரப்பட்டார்கள். அங்கே ஒரு பெரிய படைக் கொட்டடியையே ஆஸ்பத்திரியாக மாற்றியிருந்தார்கள். அதன் அவல நிலையைப் பத்திரிகைகள் எழுதின. நாடு கொதித்தது.

போர் இலாகா மந்திரி சிட்னி ஹெர்பர்ட் நைட்டிங்கேலின் நண்பர். அவர் கேட்டுக்கொண்டபடி, 38 பெண்களை அழைத்துக்கொண்டு அம்மையார் புறப்பட்டார். 1854 நவம்பர் 4-ந் தேதி ஸ்குட்டாரி போய்ச் சேர்ந்தார்.

அங்கே கண்ட காட்சி நெஞ்சை உலுக்கியது. நீண்ட தாழ்வாரங்களில் நோயாளிகள் நெருக்கியடித்துக் கிடந்தார்கள். மாற்றுத் துணி இல்லை. சோப்பு இல்லை. எலிகள் ஓடின. கட்டடத்துக்கு அடியில் சாக்கடை அடைத்துக்கொண்டு நாறியது.

அம்மையார் சமையலறையைச் சீர்படுத்தினார். சலவைக்கு ஏற்பாடு செய்தார். இரவில் எல்லோரும் உறங்கிய பிறகு, மடித்து வைக்கும் துருக்கி விளக்கு ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு படுக்கை படுக்கையாகப் பார்த்து வந்தார். அந்தச் செய்தி இங்கிலாந்துக்கு எட்டியது. விளக்கேந்திய சீமாட்டி என்று உலகமே புகழ்ந்தது.

ஒத்துவராத மூன்று ஏடுகள்

ஆனால் அம்மையாரின் மனத்தை வேறொரு விஷயமும் உறுத்தியது. ஆஸ்பத்திரியில் இறந்தவர்களைக் குறிக்க மூன்று தனித்தனிப் பதிவுகள் இருந்தன. மூன்றிலும் மூன்று விதமான எண்ணிக்கை! ஒன்றுக்கொன்று ஒத்துவரவே இல்லை. புதைக்கப்பட்டவர்கள் எத்தனை பேர் என்பதே சரியாகத் தெரியவில்லை.

ஒரு மூட்டை குறைந்தால் கடையில் எவ்வளவு விசாரணை நடக்கும்! இங்கே மனிதர்களே கணக்கில் வராமல் மண்ணுக்குள் போய்க்கொண்டிருந்தார்கள்.

1855 பிப்ரவரியில் அந்த ஆஸ்பத்திரியில் சிகிச்சைக்கு வந்தவர்களில் 100-க்கு 42 பேர் என்ற கணக்கில் இறந்தார்கள். அடுத்த மாதம் லண்டனிலிருந்து சுகாதாரக் குழு ஒன்று வந்தது. ஆஸ்பத்திரிக்கு வரும் தண்ணீர் வழியில் ஒரு குதிரையின் பிணம் அழுகிக் கிடந்ததை அது கண்டுபிடித்தது. சாக்கடைகள் கழுவப்பட்டன. சுவர்களுக்கு வெள்ளையடிக்கப்பட்டது. காற்றோட்டத்துக்கு வழி செய்யப்பட்டது. ஜூன் மாதத்துக்குள் சாவு 100-க்கு 2 என்று இறங்கியது.

கணக்கு காட்டிய உண்மை

1856-ல் போர் முடிந்தது. அம்மையார் ஊர் திரும்பினார். வரவேற்பு விழாக்களை விரும்பவில்லை. போர்க்களத்தில் பிடித்த காய்ச்சல் அவர் உடம்பை உடைத்திருந்தது. அதன்பின் பெரும்பாலும் படுக்கையிலும் சாய்வு நாற்காலியிலுமே அவர் வாழ்க்கை கழிந்தது. ஆனால் பேனா மட்டும் ஓயவில்லை.

வில்லியம் ஃபார் என்ற அறிஞர் அவருக்குத் துணை நின்றார். ஏழைக் குடும்பத்தில் பிறந்து, டாக்டராகி, இங்கிலாந்து அரசாங்கத்தின் பிறப்பு இறப்புக் கணக்குகளை ஆராய்ந்து வந்தவர் அவர். இருவரும் சேர்ந்து போரில் இறந்தவர்களின் கணக்கைத் தோண்டி எடுத்தார்கள்.

முடிவு திடுக்கிட வைத்தது. சண்டையில் மாண்டவர்களும் காயத்தால் இறந்தவர்களும் சேர்ந்து 5,000-க்கும் குறைவு. நோயால் இறந்தவர்களோ சுமார் 16,000! எதிரியின் குண்டைவிடச் சாக்கடையும் நெரிசலும் அதிகம் பேரைக் கொன்றிருந்தன. அதிலும் ஸ்குட்டாரியின் கணக்கு மிகமிக மோசமாக இருந்தது. அது அம்மையாரே பாடுபட்ட இடம்!

நாடே தன்னைத் தெய்வமாகக் கொண்டாடும்போது, இந்த உண்மையை அவர் மூடி மறைத்திருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. தம் பெரிய அறிக்கையில் அதை எழுதியே வைத்தார்.

படிக்கச் சோம்பும் மந்திரிகளுக்காக ஒரு வண்ணப் படமும் வரைந்தார். ரோஜா இதழ்கள் போல விரியும் வட்டப்படம் அது. ஒரு மாதத்துக்கு ஓர் இதழ். தடுத்திருக்கக்கூடிய நோயால் வந்த சாவு நீல நிறம். காயத்தால் வந்த சாவு சிவப்பு. மற்றவை கறுப்பு. படத்தைப் பார்த்த மாத்திரத்தில் நீலமே கண்ணை நிறைத்தது. 1858-ல் லண்டன் புள்ளிவிவரச் சங்கம் அவரைத் தன் முதல் பெண் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது.

எல்லா ஆஸ்பத்திரிக்கும் ஒரே படிவம்

அந்நாளில் லண்டனில் ஒவ்வோர் ஆஸ்பத்திரியும் தன் இஷ்டப்படி கணக்கு வைத்திருந்தது. ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிடவே முடியாது. ஆகவே எல்லா ஆஸ்பத்திரிகளுக்கும் பொதுவான படிவம் ஒன்றை அம்மையார் தயாரித்தார்.

ஆண்டுத் தொடக்கத்தில் படுக்கையில் இருந்தவர்கள் எத்தனை பேர், புதிதாகச் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், குணமானவர்கள், குணமாகாமல் போனவர்கள், இறந்தவர்கள் எத்தனை பேர், ஆண்டு முடிவில் மீதி எத்தனை பேர், ஒவ்வொருவரும் எத்தனை நாள் தங்கினார்கள் என்று அதில் எழுத வேண்டும். வயது, ஆணா பெண்ணா, என்ன நோய் என்பதையும் பிரித்துக் காட்ட வேண்டும். முன் இருப்பு, வரவு, பற்று, பாக்கி என்று நம் ஊர்ப் பேரேட்டில் உள்ள அதே ஒழுங்குதான்!

1860-ல் லண்டனில் கூடிய உலகப் புள்ளிவிவர மாநாடு இந்தப் படிவத்தை ஆதரித்தது. சில பெரிய ஆஸ்பத்திரிகள் அதன்படி கணக்கை வெளியிடவும் செய்தன. ஆனால் வேலை அதிகம், செலவு அதிகம் என்று சில ஆண்டுகளில் அது கைவிடப்பட்டது. அதே 1860-ல் லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் அம்மையார் நிறுவிய நர்ஸ் பயிற்சிப் பள்ளி மட்டும் நிலைத்து நின்றது.

தவறும் ஒரு பாடம்

அம்மையாரும் தவறாத மனிதர் அல்லர். 1863-ல் வெளியிட்ட நூலில், லண்டனின் 24 ஆஸ்பத்திரிகளில் 100-க்கு 90 பேருக்கு மேல் இறக்கிறார்கள் என்று பொருள்படும் ஒரு பட்டியலைச் சேர்த்துவிட்டார். டாக்டர்கள் கொதித்து எழுந்தார்கள். அவர்கள் சொன்னது நியாயம்தான். ஒரு நாள் படுக்கையில் இருந்தவர்களின் எண்ணிக்கையோடு, ஆண்டு முழுவதும் இறந்தவர்களின் எண்ணிக்கையை அந்தப் பட்டியல் ஒப்பிட்டிருந்தது. ஒரு நாள் கல்லாவில் இருந்த பணத்தையும் வருஷம் முழுவதும் ஆன செலவையும் ஒன்றாக வைத்துப் பார்த்தது போல!

நோய்க்குக் கெட்ட காற்றே காரணம் என்றும் அவர் நெடுங்காலம் நம்பினார். கிருமிகளைப் பற்றிய புதிய அறிவை ஏற்கத் தயங்கினார். ஆனாலும் எங்கே அதிகச் சாவு என்று கணக்கு காட்டியதோ, அங்கே கழுவிப் பெருக்கச் சொன்னார். அதனால் உயிர்கள் பிழைத்தன.

தம் வார்டையே மூடினார்

தாய்மார்களுக்கு நல்ல மருத்துவச்சிகள் வேண்டும் என்பது அம்மையாரின் ஆசை. அதற்காக லண்டன் கிங்ஸ் காலேஜ் ஆஸ்பத்திரியில் அவருடைய நிதியைக் கொண்டு ஒரு பிரசவ வார்டு நடந்து வந்தது. ஏழைப் பெண்கள் நம்பி வந்தார்கள்.

ஆனால் பிள்ளை பெற்ற தாய்மார்கள் காய்ச்சல் கண்டு இறக்கத் தொடங்கினார்கள். நாட்டுப்புறத்தில் ஜன்னி என்று சொல்வார்களே, அதே பிரசவக் காய்ச்சல்தான். ஏட்டைப் புரட்டிப் பார்த்தால், வீட்டில் பிள்ளை பெற்ற ஏழைப் பெண்களைவிட இந்த வார்டுக்கு வந்தவர்களே அதிகமாக இறந்திருந்தார்கள்.

தாம் ஆசையோடு வளர்த்த வார்டு! ஆனால் ஏட்டில் இருப்பது தாய்மார்களின் உயிர். 1867-ல் அந்த வார்டு மூடப்பட்டது. அதோடு அவர் விடவில்லை. பல ஊர்களின் பிரசவக் கணக்குகளைத் திரட்டி 1871-ல் ஒரு நூல் வெளியிட்டார். ஒரு தாய் எங்கே பிள்ளை பெற்றால் பிழைப்பாள் என்பதை எழுதிப் பார்த்தே தீர்மானிக்க வேண்டும் என்பதை அந்த நூல் நிலைநாட்டியது.

காணாத நாட்டின் மேல் கவலை

அம்மையார் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. ஆனால் படுக்கையில் இருந்தபடியே இந்த நாட்டைப் படித்தார். இந்தியாவில் இருந்த ஆங்கிலப் படையின் சுகாதாரத்தை ஆராய 1859-ல் ஒரு கமிஷன் அமைந்தது. சென்னை மாகாணம் உட்பட எல்லாப் படைத்தளங்களுக்கும் அம்மையார் தயாரித்த கேள்வித்தாள்கள் போயின. குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது, சாக்கடை எங்கே போகிறது, எத்தனை பேர் இறந்தார்கள் என்று எல்லாவற்றுக்கும் பதில் எழுத வேண்டும். மூட்டை மூட்டையாகப் பதில்கள் வந்து சேர்ந்தன.

1863-ல் அறிக்கை வெளியாயிற்று. ஆண்டுதோறும் 1,000 ஆங்கிலச் சிப்பாய்களில் 69 பேர் இறந்துகொண்டிருந்தார்கள் என்று அது காட்டியது. அடுத்த ஆண்டு சென்னை, வங்காளம், பம்பாய் ஆகிய மூன்று மாகாணங்களிலும் சுகாதாரக் கமிஷன்கள் ஏற்பட்டன. பத்து ஆண்டுகளில் அந்த 69 என்ற எண் 18 ஆகக் குறைந்தது.

சிப்பாய்களோடு அவர் கவலை நிற்கவில்லை. 1876-ல் தொடங்கிய தாது வருஷத்துப் பஞ்சத்தைத் தென்னாட்டுக் கிழவிகள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தார்கள். சென்னை மாகாணத்து மக்கள் கூட்டம் கூட்டமாக மடிந்தார்கள். அப்போது விருதுநகருக்கு விருதுபட்டி என்று பெயர். லண்டனில் இருந்த அம்மையார் 1878-ல் அந்தப் பஞ்சத்தைப் பற்றியும் குடியானவர் துயரத்தைப் பற்றியும் எழுதினார். பாசனத்துக்கு வாய்க்கால் வெட்டுங்கள் என்று ஆட்சியாளர்களை விடாமல் வற்புறுத்தினார்.

முதுமையில் அவருடைய கண்பார்வை போயிற்று. 1907-ல் பிரிட்டனின் உயர்ந்த விருதான ஆர்டர் ஆப் மெரிட் அவருக்குக் கிடைத்தது. அதைப் பெற்ற முதல் பெண் அவரே. 1910 ஆகஸ்ட் 13-ந் தேதி, தொண்ணூறாவது வயதில் காலமானார். அரசர்கள் உறங்கும் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் இடம் தர முன்வந்தார்கள். குடும்பத்தார் ஏற்கவில்லை. ஊர்க் கோயில் கல்லறையில் அடக்கம் நடந்தது. கல்லில் முழுப் பெயர்கூட இல்லை. இரண்டு எழுத்துகளும் பிறந்த, இறந்த தேதிகளும் மட்டுமே உண்டு.

இன்று இதயத்துக்கு ஓர் ஏடு

அம்மையார் கனவு கண்ட அந்த ஏடு இன்று உயிர் பெற்றிருக்கிறது. மாரடைப்பு நோயாளிகளுக்குப் பல நாடுகளில் பதிவேடு வைக்கிறார்கள். நெஞ்சுவலி எப்போது வந்தது, ஆஸ்பத்திரிக்கு எப்போது வந்தார், மருந்து எப்போது ஏறியது, ஒரு மாதம் கழித்து, ஓர் ஆண்டு கழித்து எப்படி இருக்கிறார் என்று எல்லாம் எழுதுகிறார்கள்.

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலம் 1989-ல் இதய ஆபரேஷன்களுக்கு இத்தகைய பதிவைத் தொடங்கி, ஒவ்வோர் ஆஸ்பத்திரியின் பலனையும் வெளியிட்டது. நோயாளியின் வயது, நோயின் கடுமை ஆகியவற்றையும் கணக்கில் சேர்த்துக்கொண்டது.  கடுமையான நோயாளிகளை ஏற்கும் ஆஸ்பத்திரிக்கு அநியாயமாகக் கெட்ட பெயர் வரக் கூடாது அல்லவா? 1992-க்குள் ஆபரேஷன் சாவுகள் கணிசமாகக் குறைந்தன.

இந்தியாவில் 2001 முதல் 2005 வரை 89 ஆஸ்பத்திரிகளில் 20,937 மாரடைப்பு நோயாளிகளைப் பதிவு செய்தார்கள். கடும் மாரடைப்பு வந்தவர்களில் பாதிப்பேர் ஆஸ்பத்திரி சேரவே 6 மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஏழைகள் பணக்காரர்களைவிட அதிகமாக இறந்திருந்தார்கள். ஏன்? அவர்களுக்கு வேண்டிய சிகிச்சை குறைவாகக் கிடைத்ததே பெரிய காரணம் என்று ஏடு சொன்னது. விதி என்று விட்டுவிட வேண்டியதல்ல அது. மனிதர் கையால் திருத்தக்கூடியது.

தமிழ்நாட்டில் அந்தத் திருத்தமும் நடந்தது. 2012 முதல் 2014 வரை நான்கு வட்டாரங்களில் சிறிய ஆஸ்பத்திரிகளைப் பெரிய இதய ஆஸ்பத்திரிகளோடு இணைத்தார்கள். ஆம்புலன்ஸ் உதவியது. 2,420 நோயாளிகளின் விவரம் பதிவாயிற்று. ஏற்பாட்டுக்கு முன் 1,000 பேரில் 176 பேர் ஓராண்டுக்குள் இறந்தார்கள். ஏற்பாட்டுக்குப் பின் 142 பேர். ஆயிரத்துக்கு 34 குடும்பங்களில் விளக்கு அணையாமல் நின்றது. எழுதி வைத்திராவிட்டால் இந்த வித்தியாசம் யாருக்கும் தெரிந்திராது.

விருதுநகர் பெற்ற பெருந்தலைவர் காமராஜர் 1975 அக்டோபர் 2-ந் தேதி மாரடைப்பால்தான் மறைந்தார். அவர் பிறந்த ஊரில் 2022 ஜனவரி 12-ந் தேதி அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. இந்த மாவட்டத்துக்குத் தீக்காயத்தின் கொடுமையும் தெரியும். 2012 செப்டம்பர் 5-ந் தேதி முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை விபத்தில் ஏறக்குறைய 40 பேர் மாண்டதை எந்தக் குடும்பமும் மறக்காது. மாரடைப்பானாலும் தீக்காயமானாலும், எத்தனை மணிக்கு நேர்ந்தது, எத்தனை மணிக்குச் சிகிச்சை கிடைத்தது, முடிவு என்ன ஆயிற்று என்று எழுதினால்தான் அடுத்த உயிரைக் காக்க வழி பிறக்கும்.

அந்த ஏட்டின் முதல் வரி வீட்டாரிடம் இருக்கிறது. நெஞ்சுவலி வந்தால், வாயு என்று சொல்லி விடியும்வரை காத்திருக்கக் கூடாது. உடனே 108-க்குச் சொல்ல வேண்டும். சுவரில் உள்ள கடிகாரத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். வலி எத்தனை மணிக்கு வந்தது என்பதுதான் ஆஸ்பத்திரியில் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று. அதற்குச் சரியான பதில் சொல்லத் தெரிந்த தாயும் மகனும் மகளும், நைட்டிங்கேல் அம்மையார் தொடங்கிய கணக்கில் தாங்களும் ஒரு வரி எழுதுகிறார்கள்.